சிரிக்க வைத்து வாதாடுவது: மதத்தை விமர்சிக்கும் ஸ்டாண்ட்அப் காமெடி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் கார்லின், லென்னி புரூஸ், ரிக்கி ஜெர்வைஸ் போன்ற நகைச்சுவையாளர்களின் மேடைப் பேச்சுத் துண்டுகள் இணையத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுச் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கொதிக்கிறார்கள். இரண்டு தரப்பிலிருந்தும் வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜோக் ஜோக்தானே, அதில் வாதம் எங்கே இருக்கிறது?

பாதி மேடையில் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் தலைக்குள். நல்ல பேச்சாளர் தன் வாதத்தின் எல்லாப் படிகளையும் வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். கேட்பவருக்குத் தெரிந்த படியைச் சொல்லாமல் விட்டால், அதை அவரே போட்டுக்கொள்வார். ஜோக் வேலை செய்வதும் இப்படித்தான். எங்கோ ஒரு படி காணாமல் போயிருக்கும், அதை நாம் தாவிக் கடக்கிற நொடியில் சிரிப்பு வெடிக்கும். சிரித்துவிட்டோம் என்றால், விடுபட்ட அந்தப் படியை நாமே போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அடுத்தவர் சொன்ன கருத்தை மறுப்பது சுலபம். தானே கண்டுபிடித்ததாகத் தோன்றும் கருத்தை மறுக்க யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. அரங்கில் தனியாக யாரும் சிரிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது, நான் மட்டும் இப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது என்ற தெம்பு வருகிறது. மதத்தைப் பற்றிய சந்தேகங்களைப் பெரும்பாலானவர்கள் வெளியே சொல்லாமலேயே வைத்திருப்பதால் இந்தத் தெம்புக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஒரு ஜோக்கைப் பிரித்துக் காட்ட முடியுமா?

கார்லின் 1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்பிஓவின் நிகழ்ச்சியில் பேசிய பகுதியை எடுத்துக்கொள்வோம், அலசுவதற்கு அவ்வளவு தோதானது. வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் இருக்கிறார் என்று மதம் மக்களை நம்ப வைத்திருப்பதாக ஆரம்பிக்கிறார். நீங்கள் செய்வதையெல்லாம் அவர் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்யக் கூடாத பத்து விஷயங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். மீறினால் நெருப்பும் புகையும் சித்திரவதையும் நிறைந்த இடத்துக்கு உங்களை அனுப்புவார், காலம் முடியும்வரை அங்கே கிடந்து எரிய வேண்டும். குரல் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு ஒரு நிறுத்தம். ‘ஆனால் அவர் உங்களை நேசிக்கிறார்!’

அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் அடுத்தது வருகிறது: நேசிக்கிறார், கூடவே அவருக்குப் பணமும் தேவைப்படுகிறது. எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், காசு விஷயத்தில் மட்டும் ஏனோ தடுமாறுகிறார்.

முதல் வேலை, பெயரை மாற்றுவது. கடவுள் என்ற சொல்லைச் சுற்றி இருக்கும் மரியாதையைக் கழற்றிவிட்டு ‘கண்ணுக்குத் தெரியாத ஆள்’ என்கிறார். பழகிப்போன ஒன்றை, முதன்முறை கேள்விப்படுகிறவரின் காதுக்குக் கொண்டுபோகிறார். அடுத்தது அடுக்கு. தண்டனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, உச்சத்தில் நிறுத்தி, எதிர்த் திசையில் ஒரே ஒரு சொல்லை வைக்கிறார். நேசிப்பவர் இப்படிச் செய்வாரா என்று அவர் கேட்கவே இல்லை, அந்தப் படியை நாம்தான் போடுகிறோம்.

எனக்கு அதிகம் பிடித்தது கடைசித் திருப்பம். பணம் என்ற சொல் வந்ததும் பேச்சின் இலக்கு கடவுளிடமிருந்து நிறுவனத்துக்கு மாறிவிடுகிறது. கடவுளை ஆழமாக நம்புகிறவருக்குக்கூட வசூல் மீது ஒரு மனக்குறை இருக்கும். முதல் ஜோக்குக்கு உதட்டை இறுக்கிக்கொண்டவர் இரண்டாவதற்குச் சிரித்துவிடுவார்.

அதே பேச்சில் பின்னால், தான் நடிகர் ஜோ பெஷியிடம் வேண்டிக்கொள்ள ஆரம்பித்ததாகச் சொல்கிறார். கடவுளிடம் வேண்டியபோது எவ்வளவு பலித்ததோ, ஜோ பெஷியிடமும் கிட்டத்தட்ட அவ்வளவே பலிக்கிறது, பாதிக்குப் பாதி. ஒரு பரிசோதனையின் வடிவத்தையே இங்கே ஜோக்காக்கியிருக்கிறார். வேண்டுதல் பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பலிக்காததை மறந்துவிடும் பழக்கத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறு பேச்சை நான் கேட்டதில்லை.

ஆனால் எந்த இறையியலாளரும் ‘வானத்தில் ஒரு ஆள்’ என்று சொல்வதில்லையே? இது நியாயமான வாதமா?

நியாயமான கேள்வி. எதிராளியின் கருத்தைப் பலவீனமாக்கி வைத்துக்கொண்டு அதைத் தோற்கடிப்பது பழைய தந்திரம், காமெடியில் அது நிறையவே நடக்கிறது. இறைவன் உருவமற்றவர், காலம் கடந்தவர் என்று சொல்லும் மரபுகளை கார்லினின் ஜோக் தொடவே இல்லை.

அதனால் ஜோக் பொய்யாகிவிடாது என்பது என் எண்ணம். அறிஞர்களின் கடவுள் அவருடைய இலக்கு இல்லை. குழந்தைக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுக்கப்படும் கடவுள்தான் இலக்கு: மேலே இருந்து பார்ப்பவர், கணக்கு வைத்துக்கொள்பவர், தண்டிப்பவர். உலகில் கோடிக்கணக்கானவர்கள் மனதில் இருப்பது அவர்தான். ஆகவே அந்த ஜோக் எதை நிரூபிக்கிறது என்று கேட்டால், பயத்தையும் அன்பையும் ஒரே வாயால் போதிப்பதில் ஒரு முரண் இருக்கிறது என்பதை மட்டும்தான். கடவுள் இல்லை என்பதை அது நிரூபிக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிற ரசிகர்கள்தான் அதிகம், அங்கேதான் எனக்குக் கவலை.

ரிக்கி ஜெர்வைஸ் 2017இல் ஸ்டீபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எடுத்துவைத்ததும் இதே ரகம். உலகில் சுமார் மூவாயிரம் கடவுள்கள் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 2,999 பேரை நம்புவதில்லை, நான் கூடுதலாக ஒருவரை நம்புவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். பேச்சுக்கலையாகப் பார்த்தால் அபாரம். எதிரில் இருப்பவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இடைவெளியை ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கிவிடுகிறார். ஆனால் ஒன்றுக்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையில் இருப்பது வெறும் எண்ணிக்கை வித்தியாசமா? ஒரே ஒரு வீட்டில் வாழ்கிறவரையும் வீடே இல்லாதவரையும் அருகருகே நிறுத்தி, ஒரு வீடுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது. நின்று யோசித்தால் இது புரியும். அந்த நொடியில் புரியாமல் போவதற்குக் காரணம் அதைச் சொன்ன வேகமும் சுருக்கமும்.

யார் சொல்கிறார் என்பதற்கு எவ்வளவு முக்கியத்துவம்?

ஏறக்குறைய எல்லாமே அதில்தான் இருக்கிறது. மதத்தைக் கூர்மையாக விமர்சித்த நகைச்சுவையாளர்களில் பலர் அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள். கார்லின் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். பாவமன்னிப்பு அறையையும் பாதிரியார்களையும் பற்றி 1970களிலேயே பேசியவர். அயர்லாந்துக்காரரான டேவ் ஆலனும் கத்தோலிக்கக் கல்வி வழியே வந்தவர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கோப்பையோடு, அவசரமே இல்லாமல் பாதிரியார்களையும் போப்பையும் கேலி செய்வார். நிகழ்ச்சியை முடிக்கும்போது, உங்கள் கடவுள் உங்களோடு வரட்டும் என்று வாழ்த்துவார். ‘உங்கள் கடவுள்’ என்று சொன்னதிலேயே அவருடைய நிலைப்பாடு முழுவதும் இருக்கிறது: உங்கள் நம்பிக்கையை நான் பிடுங்கவில்லை, என் கேள்வியை நீங்கள் தடுக்காதீர்கள்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜூலியா ஸ்வீனி இன்னொரு வழியில் போனார். தான் நம்பிக்கையை இழந்த கதையை ஒரு முழுநீளத் தனிப்பேச்சாக 2000களின் நடுவில் மேடையேற்றினார். வாதத்தை வாதமாக வைக்காமல் தன் வாழ்க்கையாக வைத்தார். வாதத்தை மறுக்கலாம், நான் இப்படித்தான் உணர்ந்தேன் என்று ஒருவர் சொல்வதை மறுக்க இடமில்லை. கூடவே, நம்பிக்கை போனபோது ஏற்பட்ட துக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். வென்றுவிட்டேன் என்று மார்தட்டுகிறவரைவிட இழந்ததற்காக வருந்துகிறவரை நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம்.

மதத்தின் சொந்த மதிப்புகளை வைத்தே மதத்தை விமர்சிக்க முடியுமா?

முடியும். என் பார்வையில் மிக வலுவான விமர்சனமே அதுதான். லென்னி புரூஸின் ஒரு கற்பனை: கிறிஸ்துவும் மோசேயும் பூமிக்குத் திரும்பி நியூயார்க் பேராலயத்துக்கு வருகிறார்கள். வரும் வழியில், ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஏழைக் குடும்பங்களைக் கிறிஸ்து பார்த்துவிடுகிறார். உள்ளே வந்தால், கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் தலைவரான கார்டினலின் விரலில் விலை உயர்ந்த மோதிரம். இது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. கிறிஸ்துவின் மேல் முழு மரியாதை இருக்கிறது, ஜோக்கின் முழுப் பலமும் அந்த மரியாதையிலிருந்துதான் வருகிறது. நாத்திகரைவிட விசுவாசிக்குத்தான் இது அதிகம் உறைக்கும். பதில் சொல்வதும் அவருக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் அளவுகோல் அவருடையது.

விசுவாசிகளே ரசிக்கிற மத விமர்சன ஜோக் ஏதாவது?

அமெரிக்க நகைச்சுவையாளர் எமோ பிலிப்ஸின் பாலத்து ஜோக். பாலத்திலிருந்து குதிக்கப் போகிறவனைத் தடுத்து ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். கடவுளை நம்புகிறாயா? நம்புகிறேன். கிறிஸ்தவனா, யூதனா? கிறிஸ்தவன். அட, நானும்தான்! புராட்டஸ்டன்டா, கத்தோலிக்கனா? புராட்டஸ்டன்ட். நானும்தான்! அதில் எந்தச் சபை? பாப்டிஸ்ட். அதில் வடக்கா, தெற்கா? வடக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் இருவரும் நெருங்கிக்கொண்டே வருகிறார்கள், பிரிவுகள் நுணுகிக்கொண்டே போகின்றன. கடைசியில், 1879ஆம் ஆண்டுச் சங்கமா, 1912ஆம் ஆண்டுச் சங்கமா என்று கேட்கிறான். 1912 என்கிறான் மற்றவன். ‘செத்துப் போ, மதத் துரோகி!’ என்று, தடுக்க வந்தவனே அவனைத் தள்ளிவிடுகிறான்.

இதன் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ‘நானும்தான்’ வரும்போதும் நமக்கும் மனம் இளகுகிறது, அப்பாடா, காப்பாற்றிவிட்டான் என்று. அந்த நிம்மதியை வளர்ப்பதற்காகத்தான் இத்தனை கேள்விகள். பெரிய வித்தியாசம் எதுவும் கொலையில் முடியவில்லை, இருப்பதிலேயே சின்ன வித்தியாசம்தான் முடிந்தது. உட்பிரிவுச் சண்டையைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இந்தக் கடைசி வரி தரும் தெளிவு வராது. 2005இல் கிறிஸ்தவ இணைய இதழ் ஒன்று நடத்திய வாக்கெடுப்பில் மிகச் சிறந்த மத ஜோக்காக இது தேர்வானது. வாக்களித்தவர்கள் தங்களை அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

குரல், நிறுத்தம், உடல்மொழி: இவையும் வாதத்தின் பகுதியா?

ஆமாம். கார்லினின் அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால் ஜோக்கே இல்லை. போதகரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, உள்ளே வேறு சரக்கை வைப்பது பலரும் கையாளும் உத்தி. கேட்பவரின் காது அந்த ராகத்துக்குப் பழகியிருப்பதால் ஒத்துப்போகத் தயாராகிவிடுகிறது. மேடை, ஒற்றைக் குரல், மைக், கேட்டுக்கொண்டே இருக்கும் கூட்டம் என்று பார்த்தால் காமெடி அரங்கமும் பிரசங்க அரங்கமும் ஒரே அமைப்புதான். பிரசங்கியைக் கேலி செய்பவரும் சில நேரம் பிரசங்கியாகவே ஆகிவிடுகிறார். சிரிப்பு குறைந்து கைதட்டல் கூடும்போது அது நடந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். கைதட்டுகிறவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருப்பவர், அவரிடம் வாதாட எதுவும் இல்லை.

சரி, இதையெல்லாம் கேட்டு யாராவது மனம் மாறுகிறார்களா?

ஒரே இரவில் மாறுவதாக ஆராய்ச்சிகள் சொல்லவில்லை. ஆய்வாளர் ராபின் நாபியும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நகைச்சுவையாளர்களான பில் மாஹர், கிறிஸ் ராக் ஆகியோரின் பேச்சுகளை வைத்துச் செய்யப்பட்டது. மதம் அதன் பொருள் இல்லை, சமூகப் பிரச்சினைகள்தான். நகைச்சுவையாகச் சொல்லும்போது கேட்பவர்கள் கவனமாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் மனதுக்குள் எதிர்வாதம் செய்வது குறைகிறது என்று அதில் தெரிந்தது. கூடவே, வெறும் ஜோக் என்று ஒதுக்கியும் வைக்கிறார்கள். அதனால் உடனடி விளைவு பெரிதாக இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதுதான், ஒதுக்கி வைத்த கருத்து மெல்ல வேலை செய்ததற்கான தடயம் கிடைத்தது.

எதிர்த் திசையிலும் ஆய்வு உண்டு. ஸ்டீபன் கோல்பேர் முன்பு பழமைவாதி வேடம் போட்டு நடத்திய கேலி நிகழ்ச்சியைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வந்தது. பார்வையாளர்களில் பழமைவாதிகள், அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் நம் ஆள்தான் என்று எடுத்துக்கொள்ளும் போக்கு அதில் வெளிப்பட்டது. எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதைத்தான் பார்க்கிறோம். மத ஜோக்குகளுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருப்பவருக்கு ஒரு ஜோக் வழி திறக்கலாம். உறுதியாக இருப்பவருக்கு அதே ஜோக் கோட்டைச் சுவரை இன்னும் உயர்த்தலாம்.

மனம் புண்படுவதைப் பற்றி? அதைப் பொருட்படுத்தவே வேண்டாமா?

பொருட்படுத்த வேண்டும். மதம் பலருக்கு வெறும் கருத்து இல்லை. இறந்துபோன தாயின் ஞாபகம், குழந்தைக்கு வைத்த பெயர், கஷ்டகாலத்தில் பிடித்துக்கொண்ட ஒரே கயிறு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அதைக் கேலி செய்தால் வலிக்கத்தான் செய்யும்.

நான் பார்ப்பது, ஜோக் யாரைத் தொடுகிறது என்பதை. கடவுள், வேதநூல், மத நிறுவனம், மதத்தலைவர், சாதாரண பக்தர் என்று ஐந்து இலக்குகள் இருக்கின்றன. முதல் நான்கையும் கேள்வி கேட்கலாம், கேட்டே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. ஐந்தாவதில்தான் சிக்கல், அதிலும் அந்த பக்தர் அந்த நாட்டில் சிறுபான்மையினராக, ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறவராக இருந்தால். அங்கே வருகிற சிரிப்பு மத விமர்சனத்துக்கான சிரிப்பா, அந்த மனிதர்கள் மீதான வெறுப்புக்குக் கிடைத்த அனுமதியா என்று பிரித்துப் பார்க்க முடியாது. தலையில் அணிவதையும் உண்பதையும் பெயரையும் வைத்து எழுதப்படும் ஜோக்குகளில் வாதம் எதுவும் இருப்பதில்லை.

இதற்காகக் கைதானவர்கள் உண்டா?

உண்டு. லென்னி புரூஸ் 1964இல் நியூயார்க்கில் கைதாகி அதே ஆண்டில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். வழக்கு ஆபாசம் என்ற பெயரில் நடந்தது. மேல்முறையீடு முடியும் முன்பே 1966இல் இறந்துபோனார். 2003இல்தான் நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி அவருக்கு மன்னிப்பு வழங்கினார், இறந்து 37 ஆண்டுகள் கழித்து. இந்தியாவில் ஸ்டாண்ட்அப் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைது செய்யப்பட்டார், இந்துக் கடவுள்களை இழிவுபடுத்தினார் என்ற புகாரில். பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். இங்கிலாந்திலோ தெய்வநிந்தனைக்கான பழைய சட்டம் 2008இல் நீக்கப்பட்டது.

ஜோக் பிடிக்காதவருக்கு எழுந்து போகும் உரிமை இருக்கிறது, திட்டி எழுதும் உரிமையும் இருக்கிறது. கைவிலங்கு மாட்டச் சொல்லும் உரிமையை எந்தப் புண்பட்ட மனதுக்கும் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்படிக் கேலி செய்வது நவீன காலத்துப் பழக்கமா?

பழையது, மதநூல்களுக்குள்ளேயே இருக்கிறது. பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் காலையிலிருந்து கத்திக் கூப்பிட்டும் நெருப்பு இறங்கவில்லை. இஸ்ரவேலின் தீர்க்கதரிசியான எலியா அவர்களைப் பார்த்து, இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் கடவுள் பயணம் போயிருக்கலாம், தூங்கிக்கொண்டிருந்தாலும் இருப்பார், எழுப்ப வேண்டும் என்கிறார். பைபிளில் முதலாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. குதிரைகளுக்குக் கை இருந்தால் தங்கள் கடவுளைக் குதிரை வடிவில் வரையும் என்றார் கிரேக்கரான செனோஃபனீஸ். ‘நட்டகல்லும் பேசுமோ’ என்று கேட்ட சிவவாக்கியரும் பதிலைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார். மூவருமே கடவுள் வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை.

நம்பிக்கையுள்ள ஸ்டாண்ட்அப் கலைஞர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எகிப்திய வம்சாவளி அமெரிக்கரான ராமி யூசுப் தன்னை விசுவாசியான முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டே, தொழுகைக்கும் ஆசைக்கும் நடுவில் தான் படும் பாட்டைப் பேசுகிறார். நம்புவதில் இருக்கும் குழப்பத்தை நம்புகிறவரே சொல்லும்போது பாதுகாப்பு வேலி எழுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை.

நானே இப்படி ஒன்று எழுதிப் பார்க்க நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மதத்திலிருந்து. அடுத்தவர் மதத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும், அரங்கத்துக்கும் அது தெரிந்துவிடும். சின்ன வயதில் உங்களை உண்மையாகவே பயமுறுத்திய அல்லது குழப்பிய ஒரு போதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கேலியே இல்லாமல், அந்த மதத்தவர் ஒருவர் ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுதுங்கள். அது வராவிட்டால் ஜோக்கும் வராது. வந்துவிட்டால், அதில் எந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று தேடுங்கள். கிடைத்ததும் அவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் விளக்கத்தை அடித்துவிடுங்கள்.

எழுதியதை, அந்த மதத்தை நம்பும் ஒரு நண்பரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டு மறுத்துப் பேச ஆரம்பித்தால் தயங்காமல் மேடையேற்றலாம். பேச்சே இல்லாமல் எழுந்து போய்விட்டால், யாரைக் குறிவைத்து எழுதினீர்கள் என்று இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.